நியூயார்க் – லண்டன் தூரம் 60 கி.மீ. கூட வருகிறது, நேரமும் இடிக்கிறது, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் கணக்கிட எக்செல்லில் ஒரு தாள் போட்டிருக்கிறேன். ஹேவர்சைன் சூத்திரம் (உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைத் தருவது), பூமியின் ஆரம் 6,371 கி.மீ. சோதித்துப் பார்க்க நியூயார்க் ஜே.எஃப்.கே.யையும் லண்டன் ஹீத்ரோவையும் எடுத்தேன். எனக்கு 5,600 வருகிறது, வர வேண்டியது 5,540. நேரம் இன்னும் குழப்பம். மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் ஆறே கால் மணி நேரத்துக்குள் முடிகிறது, ஆனால் டிக்கெட்டில் மாலை 6.30க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.30க்கு இறங்குவதாக இருக்கிறது, திரும்பும்போது காலை 11 மணிக்கு ஏறினால் பிற்பகல் 2 மணிக்கே வந்துவிடுகிறது. போக 12, வர 3? இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பதில் 1:
பாகையை (டிகிரி) ரேடியன் என்ற கோண அலகுக்கு மாற்றினீர்களா? ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) அப்படியே இங்கே போடுங்கள்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். ஜே.எஃப்.கே. 40.64, 73.78. ஹீத்ரோ 51.47, -0.45.

பதில் 2:
பிடித்துவிட்டேன்! 73.78க்கு முன்னால் கழித்தல் குறி இல்லை. நியூயார்க் மேற்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, குறி இல்லாமல் போட்டால் அது கிர்கிஸ்தான் மலைப்பக்கம் போய்விடும். ஹீத்ரோ கிட்டத்தட்ட பூச்சியத் தீர்க்கரேகையிலேயே இருப்பதால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால்தான் பிழை வெறும் 60 கி.மீ.யில் ஒளிந்துகொண்டது. வேறு ஜோடி எடுத்திருந்தால் ஆயிரக்கணக்கில் எகிறியிருக்கும், உடனே தெரிந்திருக்கும். அப்புறம், வேறு கருவிகளில் பத்துப் பதினைந்து கி.மீ. கூடக் காட்டினால் பதற வேண்டாம், பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதையும் அவை கணக்கில் சேர்க்கின்றன.

பதில் 3:
நேரத்துக்கு வருகிறேன். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். லண்டன் 5 மணி நேரம் முன்னால் இருக்கிறது, ஆகவே போக 12-5 = 7, வர 3+5 = 8. கிளம்பும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் முதலில் யூ.டி.சி.க்கு (உலகப் பொது நேரம்) மாற்றிவிட்டுக் கழியுங்கள். முக்கியமாக ஒன்று: கோடை நேரத்துக்கு அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறன்றும் மாறுகின்றன, நடுவில் சில வாரம் வித்தியாசம் 4 மணி நேரம்தான். அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் அப்படியே. 5 என்று தாளில் நிரந்தரமாக எழுதிவிடாதீர்கள்.

போக 7, வர 8 என்ற அந்த ஒரு மணி நேர வித்தியாசத்துக்குக் காரணம் காற்று. அட்லாண்டிக் மேலே ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது. 100 கி.மீ. வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளினால் 5,540 கி.மீ.க்கு ஐந்தரை மணி, எதிரே வந்தால் ஏழுக்குக் கொஞ்சம் குறைவு. 2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 இதே வழியில் லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது, அன்று அப்படியொரு புயல்காற்று. இதற்கு மேல் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேரும், டிக்கெட் நேரம் வாயிலிலிருந்து வாயில் வரை.

கேட்டவர்:
கழித்தல் குறி போட்டதும் 5,540.4! ரொம்ப நன்றி. தேதியை வைத்து நேர வித்தியாசம் மாறும்படி தனிப் பத்தி சேர்த்துவிட்டேன், போக வர காற்றுக்கும் தனித்தனிக் கட்டம். பழைய ஜோடிகளில் மேற்குத் தீர்க்கரேகை உள்ளவற்றை எல்லாம் இப்போது மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் இரண்டில் குறி விட்டுப்போயிருக்கிறது.