பழைய மாட்டுக்கொட்டகையைத் தச்சுப் பட்டறை ஆக்கணும்: எந்த வேலை முதலில்?

கொட்டகை_20க்கு12

வீட்டுக்குப் பின்னால் 60 அடி தள்ளி ஒரு பழைய மாட்டுக்கொட்டகை. 20க்கு 12 அடி. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து. மேலே பனங்கை (பனைமரக் கைமரம்), ரீப்பர், சீமை ஓடு. முகட்டு உத்திரத்தைத் தாங்கி நடுவில் இரண்டு கருங்கல் தூண். தரை கல் பாவியது, கோமிய வாய்க்கால் பக்கமாக மூன்று அங்குலம் சரிவு. சுவரில் கீழிருந்து மூன்றடிக்கு எப்போதோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அது வெள்ளையாக உப்பு பூத்துப் பொரிந்து கொட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் தரை கசியும். ஊர் மன்னார்குடி பக்கம்.

2 எச்பி டேபிள் சா (மேசை ரம்பம்), 1 எச்பி தூசி உறிஞ்சி, ஒரு வேலை மேசை, மரம் அடுக்க இடம். இவ்வளவுதான் தேவை. சிங்கிள் ஃபேஸ் கரண்ட். சொந்த உபயோகம் மட்டும். கொத்தனார், "கல்லு மேலயே ரெண்டு அங்குலம் கான்கிரீட் போட்டு, சுவத்துக்கு மறுபடி சிமெண்ட் பூசி, மேல டேம்ப் புரூஃப் அடிச்சிடலாம்" என்கிறார். சரிப்படுமா?

காரைச்சட்டி

சரிப்படாது சார். கொத்தனார் சொல்வது இரண்டு மழைக்குத் தாங்கும், அவ்வளவுதான்.

அந்த வெள்ளை உப்பு சும்மா வந்ததல்ல. பல வருஷம் கோமியம் ஊறிய மண்ணில் நைட்ரேட் உப்பு சேரும். அந்தக் காலத்தில் வெடியுப்பு எடுத்ததே இப்படிப்பட்ட மண்ணிலிருந்துதான். அது காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுக்கும். மேலே சிமெண்டால் மூடினால் உப்பு உள்ளேயே படிந்து, செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். இப்போது உங்கள் சுவரில் நடப்பது அதுதான்.

முதல் வேலை, தோண்டுவது. கல்லைப் பெயர்த்து, ஊறிப்போன கறுப்பு மண்ணை ஓரடி ஆழத்துக்கு எடுங்கள். சுவர் ஓரமாக மட்டும் ஒரேயடியாகத் தோண்டாமல் நான்கு நான்கு அடியாகப் பார்த்துப் போங்கள். பழைய சுவரின் அஸ்திவாரம் எவ்வளவு மேலே நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. இறங்குகிற எல்லாரும் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாணி ஊறிய மண், கையில் ஒரு கீறல் போதும்.

கிராவல் கொட்டி, ஆறு அங்குலத்துக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கணும். அதன்மேல் கரையான் மருந்து. குளோர்பைரிபாஸ் 20 ஈசி ஒரு பங்குக்குத் தண்ணீர் 19 பங்கு, சதுர மீட்டருக்கு 5 லிட்டர். உங்கள் தரைக்கு 110 லிட்டர் கரைசல், அதில் மருந்து ஐந்தரை லிட்டர். பக்கத்தில் கிணறோ குளமோ இருந்தால் இந்த மருந்தை இறக்காதீர்கள், மீன் செத்துப்போகும்.

பிறகு 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் 40 எம்எம் ஜல்லி போட்டு மூன்று அங்குலம். சிமெண்ட் 6 மூட்டை. அது இறுகியதும் 200 மைக்ரான் பாலிதீன் ஷீட், ஒன்றன்மேல் ஒன்று ஓரடி ஏறணும், சுவர் ஓரத்தில் தரைமட்டம் வரை மடித்து ஏற்றணும். அதன்மேல் 1:2:4, 20 எம்எம் ஜல்லி, நான்கு அங்குலம். இதற்குச் சிமெண்ட் 14, 15 மூட்டை, எம்-சாண்ட் 35 கன அடி, ஜல்லி 70 கன அடி. சரிவே வேண்டாம், ரசமட்டம் வைத்துச் சரியாக நிறுத்துங்கள். மறுநாளே நடுவில் குறுக்காக ஒரு அங்குல ஆழத்துக்கு அறுத்துவிட்டால், வெடிப்பு வந்தாலும் அந்தக் கோட்டோடு போகும். பத்து நாள் பாத்தி கட்டித் தண்ணீர்.

முடிந்த தரை வெளி மண்ணைவிட ஆறு அங்குலமாவது உயரமாக இருக்கட்டும். கீழே ஷீட் போட்டதும் ஈரம் சுவர் வழியாக ஏறப் பார்க்கும். ஓட்டுத் தண்ணீர் சுவரடியில் விழாமல் தாழ்வாரத்தில் தகர வடிகால் கட்டித் தள்ளிவிடுங்கள். கோமியம் வெளியேற சுவரில் ஒரு ஓட்டை இருக்குமே, அதைச் செங்கல் வைத்து அடைக்க மறக்க வேண்டாம். எலியும், எலியைத் தேடிப் பாம்பும் வருவது அந்த வழியாகத்தான்.

சுவருக்கு: சிமெண்ட் பூச்சு முழுவதையும் கொத்தி எடுங்கள். உப்பைக் கழுவாதீர்கள், தண்ணீர் பட்டால் கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி வெளியே கொட்டுங்கள். ஒரு கோடை முழுக்கச் சுவர் மூச்சு விடட்டும். பிறகு சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று, அரை அரை அங்குலமாக இரண்டு பூச்சு. மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும். மீதி உப்பை இழுத்துக்கொண்டு கீழ்ப்பகுதி இரண்டு மூன்று வருஷத்தில் கொஞ்சம் உதிரும். உதிரட்டும், அதைமட்டும் மறுபடி பூசினால் போதும்.

அவசரக்குடுக்கை

இவ்வளவு எதுக்குங்க? சுவத்துல புட்டி வச்சு எபாக்ஸி பெயிண்ட் அடிங்க. கூரை ஓட்டைப் பிரிச்சுட்டு கலர் தகர ஷீட் போடுங்க. பத்து நாள் வேலை.

காரைச்சட்டி

எபாக்ஸி, சிமெண்ட் இரண்டும் ஒரே வழிதான், மூடுகிற வழி. அது கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும்.

தகர ஷீட்டும் வேண்டாம். பகலில் உள்ளே நிற்க முடியாது. மார்கழி விடியலில் அடிப்பக்கம் பனி கோத்து, நேராக டேபிள் சாவின் வார்ப்பிரும்பு மேல் சொட்டும். இருக்கிற சீமை ஓடு நல்லது. உடைந்ததை மாற்றி, முகட்டு ஓட்டுக்குப் புதுச் சாந்து வைத்து, வடக்குச் சரிவில் நான்கைந்து கண்ணாடி ஓடு செருகினால் பகலில் லைட்டே போடவேண்டாம். தெற்குப் பக்கம் செருகினால் வெயில் பிளேடு மேல் விழுந்து கண் கூசும். பனங்கையில் மாவு மாதிரித் தூள் கொட்டுகிறதா என்று தட்டிப் பாருங்கள். கொட்டினால் உளுப்பு, அதாவது மரத்தைத் துளைக்கும் பூச்சி. வெண்காரம் மூன்று பங்கு, போரிக் பவுடர் இரண்டு பங்கு வெந்நீரில் கரைத்து இரண்டு கை அடிக்கலாம். நுனி உள்ளே கூடாகிப் போயிருந்தால் அந்தக் கைமரத்தை மாற்றுவதுதான்.

நியூட்ரல்_எங்கே

கரண்ட் விஷயம் நான் சொல்றேன்.

2 எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது 10, 12 ஆம்ப்ஸ் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும்போது அது 50 தாண்டும். 60 அடின்னா போக வர 36 மீட்டர் வயர். 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) போட்டா ஸ்டார்ட்டிங்கில் 23 வோல்ட் போயிடும், 2.5ல 14, 6 ஸ்கொயர்ல ஆறு வோல்ட்தான். ஊர்ல ஏற்கெனவே சாயங்காலம் 195 வருதுன்னா, மெல்லிசு வயர்ல மோட்டார் முக்கி முனகி ஸ்டார்ட்டிங் வைண்டிங் கருகும். அதனால 6 ஸ்கொயர் காப்பர் ஆர்மர்டு (இரும்பு உறை போட்ட) கேபிள், இரண்டரை அடி ஆழத்துல, மேல மணல், அதுக்கு மேல வரிசையா செங்கல். நாளைக்கு யாராவது வாழை வைக்கத் தோண்டினா மண்வெட்டி முதல்ல செங்கல்ல படணும்.

கொட்டகைக்குள்ள தனி டிபி (மின் பகிர்வுப் பெட்டி). 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே அணைக்கிறது), சாவுக்கு 20 ஆம்ப்ஸ் சி கர்வ் (மோட்டார் ஸ்டார்ட்டிங்கைத் தாங்குற) எம்சிபி தனியா, தூசி உறிஞ்சிக்குத் தனியா, லைட்டுக்குத் தனியா. ஒரே எம்சிபியில லைட்டையும் சாவையும் கோத்தீங்கன்னா, அது டிரிப் ஆகும்போது பிளேடு சுத்திக்கிட்டே இருக்கும், நீங்க இருட்டுல நிப்பீங்க. எர்த்துக்குக் கொட்டகை ஓரமாவே தனி எர்த் ராடு இறக்கி, வீட்டு எர்த்தோட சேர்த்துடுங்க.

ரொம்ப முக்கியம்: சாவுக்குச் சாதா சுவிட்ச் வேண்டாம். பம்புசெட்டுக்குப் போடற மாதிரி டிஓஎல் ஸ்டார்ட்டர், சிங்கிள் ஃபேஸுக்கு உள்ளது. கரண்ட் போய்த் திரும்ப வந்தா தானா ஓடாது, பச்சை பட்டனை அமுக்கினாதான் ஓடும். நம்ம ஊர் கரண்டுக்கு இது இல்லாம விரலுக்கு உத்தரவாதம் கிடையாது.

பக்கத்துல பம்புசெட் லைன் இருக்கேன்னு அதுலேர்ந்து இழுத்துடாதீங்க. அது விவசாயத்துக்கு மட்டும் குடுத்த இலவச மின்சாரம், மாட்டினா அபராதம். பின்னாடி கூலிக்கு வேலை எடுக்கிற எண்ணம் வந்தா வீட்டு இணைப்பும் ஆகாது, தனி சர்வீஸ் வாங்கணும்.

கோயம்புத்தூர்ல பழைய மிஷின் மலிவா கிடைக்கும், ஆனா பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் மோட்டார். விஎஃப்டி (சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக்கித் தர்ற கருவி) வச்சு ஓட்டலாம். அதுக்கு மோட்டாருக்குள்ள சுருள் இணைப்பை ஸ்டார் முறையிலிருந்து டெல்டா முறைக்கு மாத்தணும். டெர்மினல் பாக்ஸைத் திறந்து ஆறு முனை வெளியே வருதான்னு பார்த்துட்டு வாங்குங்க. மூணு முனைதான்னா ரீவைண்டிங் கடைக்குப் போய்ப் பிரிக்கணும்.

மூலமட்டம்

தூணை எடுக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். எடுக்காதீர்கள், முகட்டு உத்திரமே அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஐந்தரை அடி கிடைக்கிறது, அது போதும். அந்தப் பாதியில், 20 அடி நீளவாக்கில் சரி நடுவே சாவை வையுங்கள். மேசை இரண்டரை அடி போக முன்னும் பின்னும் எட்டே முக்கால் அடி மிஞ்சும். எட்டடிச் சட்டத்தை நீளவாக்கில் அறுக்க அது சரியாக இருக்கும். 8க்கு 4 பிளைவுட்டை முழுசாக உள்ளே கொண்டுவந்து மல்லுக்கட்டாமல், வாசலிலேயே இரண்டு சட்டத்தின்மேல் போட்டு, நேர்க்கட்டை பிடித்து, கை மிஷினால் பாதியாக்கிவிட்டு உள்ளே வாருங்கள்.

தூசி: 110 எம்எம் பிவிசி டிரெயினேஜ் பைப் போடலாம். கடையில் நாலு அங்குல ஹோஸ் வாங்கி வந்தால் பைப்புக்கு வெளியேயும் ஏறாது, உள்ளேயும் போகாது. பைப்பின் சாக்கெட் வாய்க்குள் ஹோஸைச் செருகி டேப் சுற்றினால் நின்றுகொள்ளும். 90 டிகிரி எல்போ ஒன்றுகூட வேண்டாம், 45 இரண்டாகப் போட்டு வளையுங்கள். 1 எச்பி உறிஞ்சிக்குப் பத்தடிக்கு மேல் பைப் நீண்டாலே இழுப்பு குறையும், அதனால் சாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். உறிஞ்சிக்கு முன்னால் ஒரு சைக்ளோன் டிரம் (காற்றைச் சுழற்றித் தூளைக் கீழே தள்ளுவது) வைத்தால் சுருளும் கட்டியும் அதில் விழும், பை அடைக்காது. தேய்ப்பு வேலைக்கு என்95 மாஸ்க் கட்டாயம். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லேயே சேர்த்துவிட்டது.

சுவரில் பலகையை ஒட்டி அடிக்காதீர்கள். ஒரு அங்குல ரீப்பர் வைத்து, அதன்மேல் உளி, இழைப்புளி மாட்டும் பலகை. பின்னால் காற்று ஓடவில்லை என்றால் உளி துருப்பிடிக்கும். உளிப் பெட்டியில் நாலு சூடம் போடுங்கள், சா மேசைக்கு மாதம் ஒரு தடவை மெழுகு. மரத்தைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, ஒன்றரை அடிக்கு ஒரு குச்சி கொடுத்து அடுக்குங்கள்.

கண்ணாடி ஓடு இருக்கும் இடம் தவிர, ஓட்டுக்குக் கீழே ஏதாவது சீலிங் அவசியம். இல்லையென்றால் வார்னிஷ் காயும் நேரம் பார்த்துப் பல்லி எச்சம் விழும். லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்குங்கள். வைக்கோல் போர் பக்கத்தில் இருந்தால் அதை முதலில் தள்ளி வையுங்கள்.

கொட்டகை_20க்கு12

தெளிவாகிவிட்டது. தரைதான் முதலில். கான்கிரீட் போட்டு எத்தனை நாளில் மிஷினை இறக்கலாம்? நாள் முழுக்கக் கான்கிரீட்டில் நின்றால் கால் வலிக்கும் என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?

காரைச்சட்டி

28 நாள் விடுங்கள். பிறகு ஒன்றரை அடி சதுரத்தில் பாலிதீன் வெட்டித் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மறுநாள் காலையில் அடியில் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை, மரத்தை உள்ளே ஏற்றாதீர்கள்.

மூலமட்டம்

காலுக்கு, பால் பண்ணைகளில் மாட்டுக்கு விரிக்கும் ரப்பர் மேட் ஒன்று வாங்கி வேலை மேசைக்கு முன்னால் போடுங்கள். கொட்டகைக்கும் பழகின பொருள். கீழே விழுகிற உளியின் வாயும் உடையாது.