ஓப்பன் டே: பிள்ளைகள் கை வைத்த மேசைகள்

கோட்டையூர் டீச்சர்

செப்டம்பர் 26, சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம்) நிறுவன நாள். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். இந்த இரண்டையும் ஒட்டித்தான் நம் பக்கத்தில் லேப் கதவுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறக்கின்றன. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிற ஊர் நம் காரைக்குடி. பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் பிள்ளைகள் மின்வேதியியலை நேரில் பார்க்க ரயிலேற வேண்டியதில்லை.

ஆனால் லேப் சுற்று என்றாலே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெட்டி, பக்கத்தில் ஒரு சார்ட், "தொடாதே" என்று ஒரு குரல் என்று பல இடங்களில் முடிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு நினைவில் தங்குவது கையால் செய்தது மட்டும்தான். அதனால் நீங்கள் நடத்திய, அல்லது பக்கத்தில் நின்று பார்த்த கைவேலை மேசைகளைப் பற்றி மட்டும் எழுதுங்கள். பொருள் என்ன, அளவு என்ன, எங்கே கெடும், ஏன் கெடும். அடுத்த முறை மேசை போடுகிறவருக்கு அப்படியே பயன்பட வேண்டும்.

எலெக்ட்ரிக்கல் மேசை

எளிய டி.சி. மோட்டாரிலிருந்து தொடங்குறேன். எல்லா ஓப்பன் டேயிலும் இருக்கும், பாதி இடத்தில் சுத்தாது.

ஒரு பிள்ளைக்கு வேண்டியது: பெரிய டார்ச் செல் ஒண்ணு, 24 கேஜ் எனாமல் காப்பர் கம்பி (மேலே மின்சாரம் கடத்தாத பூச்சு இருக்கிறது) ஒண்ணேகால் மீட்டர், ஊக்கு ரெண்டு, தடிமனான ரப்பர் பேண்ட், ஒரு ரூபாய் நாணயம் அளவு காந்தம். கம்பியைச் செல் மேலேயே பத்துச் சுத்துச் சுத்தணும். ரெண்டு முனையையும் சுருளுக்கு ஒரு முடிச்சுப் போட்டு எதிரெதிரா நீட்டணும். ஊக்கு ரெண்டையும் செல்லின் ரெண்டு பக்கமும் ரப்பர் பேண்டால் இறுக்கி, ஊக்கின் வளையத்துக்குள்ள முனைகளை நுழைக்கணும். காந்தம் செல் முதுகில்.

கெடுவது எனாமல் சுரண்டுறதில்தான். ஒரு முனையைச் சுத்திலும் சுரண்டணும். இன்னொரு முனையில் மேல் பாதியை மட்டும் சுரண்டி, கீழ் பாதியில் எனாமலை விட்டுடணும். ரெண்டு முனையையும் முழுசாச் சுரண்டிட்டா, அரைச் சுத்துக்குப் பிறகு விசை திசை மாறி சுருளைப் பின்னாடி இழுக்கும். சுருள் ஆடும், சுத்தாது. பாதி எனாமல் இருந்தா அந்த அரைச் சுத்தில் மின்சாரம் நின்னுடும், வந்த வேகத்தில் சுருள் அடுத்த பாதிக்குப் போய்டும். ஆடுற சுருளைப் பார்த்த ஒரு எட்டாம் வகுப்புப் பொண்ணு, யாரும் சொல்லாமலேயே ஒரு முனையோட கீழ்ப்பாதியில் நெயில் பாலிஷ் தடவிட்டு, காயிற வரைக்கும் ஊதிக்கிட்டே நின்னுச்சு. மாட்டின உடனே சுத்துச்சு. அதிலிருந்து அந்த மேசையில் சின்ன நெயில் பாலிஷ் பாட்டில் ஒண்ணு நிரந்தரமா இருக்கு.

சுரண்ட 120 நம்பர் உப்புத்தாள் போதும், பிளேடு கொடுக்காதீங்க. சுருளை இறக்கி ஊக்கில் உட்கார்த்தும்போது எடை ஒரு பக்கமா இருந்தாலும் நின்னுடும். முனைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கான்னு கண் மட்டத்தில் வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, ஒரு மீட்டர் கம்பியோட மின்தடை 0.1 ஓமுக்கும் கீழே. சுருள் சுத்தாமல் நிக்கும்போது செல் ஏறக்குறைய ஷார்ட் ஆன மாதிரிதான். ஒரு நிமிஷத்தில் ஊக்கு சுடும், செல் சோர்ந்துடும். சுத்தலைன்னா உடனே சுருளைத் தூக்கிடச் சொல்லணும். முப்பது பிள்ளைக்கு முப்பது செல் போதாது, பத்து கூடுதலா வைங்க.

அரிப்பு ஆய்வுப் பக்கம்

எங்கள் மேசை ஆணி மேசை. துருப்பிடிப்பது மின்வேதியியல் என்பதைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு அகார் 15 கிராம், சாதாரண உப்பு 30 கிராம். கொதிக்கவைத்துக் கரைத்து, ஆறும்போது பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு ஒரு கிராம், ஒரு சதவீத ஃபீனால்ப்தலீன் கரைசல் 10 மில்லி சேர்க்க வேண்டும். ஆணியைப் பெட்ரி தட்டில் வைத்து, அது மூழ்கும் அளவுக்கு ஊற்றிக் கைபடாமல் உறையவிட வேண்டும். நாலு தட்டு: நேரான ஆணி, நடுவில் வளைத்த ஆணி, செம்புக் கம்பி சுற்றியது, துத்தநாகத் தகடு சுற்றியது.

நேரான ஆணியில் தலையும் கூர்முனையும் நீலமாகும், நடு உடல் இளஞ்சிவப்பாகும். ஆணி செய்யும்போது அடிபட்டு, வெட்டுப்பட்டு, உள்ளே இறுக்கம் தங்கிய இடங்கள் அவை. அங்கே இரும்பு கரைகிறது (நீலம்), மற்ற இடத்தில் ஆக்சிஜன் ஹைட்ராக்சைடாகிறது (இளஞ்சிவப்பு). வளைத்த ஆணியில் வளைவும் நீலமாகும். செம்பு சுற்றியதில் இரும்பு வேகமாகக் கரையும், செம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு படரும். துத்தநாகத் தட்டில் நீலமே இருக்காது. துத்தநாகத்தைச் சுற்றி வெள்ளைப் படிவு, ஆணி முழுக்க இளஞ்சிவப்பு. "தனக்குப் பதிலா அது கரையுது" என்று பிள்ளைகள் தாங்களாகவே சொல்லிவிடுகிறார்கள். கல்வனைஸ் (துத்தநாகம் பூசிய) தகடு ஏன் துருப்பிடிக்கவில்லை என்பதை அதற்குப் பிறகு விளக்க வேண்டியதில்லை.

கெடும் இடங்கள் மூன்று. கடை ஆணியில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், சிலது கல்வனைஸ் செய்ததாகவே இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் ஒரு நிறமும் வராது. ஃபெர்ரிசயனைடு கைதாராளமாகப் போட்டால் எல்லாம் நீலம். கடைசியாக, நிறம் தெளிவாகப் பிரிய சில மணி நேரம் ஆகும். ஒரு மேசைக்குக் கிடைக்கும் பன்னிரண்டு நிமிடச் சுற்றில் அது நடக்காது. அதனால் முதல் நாள் மாலையே ஒரு செட் ஊற்றிவைக்க வேண்டும். பிள்ளைகள் அன்று தங்கள் தட்டைத் தயார் செய்வார்கள், ஊறிய தட்டைப் பார்த்துவிட்டு, மாலை வேன் ஏறும் முன் தங்கள் தட்டை வந்து பார்ப்பார்கள். இரண்டு நாள் தாண்டினால் நிறங்கள் கலங்கிவிடும். ஃபெர்ரிசயனைடு பக்கத்தில் அமிலம் எதையும் வைக்கக் கூடாது. எலுமிச்சை பேட்டரி மேசையைக்கூட அடுத்த அறைக்குத் தள்ளுங்கள்.

பெரிய பிள்ளைகள் என்றால் இதைக் கடலோடு சேர்த்துச் சொல்லலாம். மண்டபத்தில் சிக்ரிக்குக் கடல் அரிப்பு ஆய்வு நிலையம் இருப்பதற்குக் காரணம் இந்தத் தட்டில் போட்ட அதே உப்புதான்.

புதுவயல் வேதியியல்

மேலே எழுதிய அண்ணன் விட்ட ஒன்று, செம்பு முலாம். ஓப்பன் டேயில் பல இடத்தில் இரும்புச் சாவியை நேராகக் காப்பர் சல்ஃபேட்டில் தோய்க்கிறார்கள். மின்சாரம் கொடுக்கும் முன்பே சிவந்துவிடும், விரலால் தேய்த்தால் உதிரும். அது இரும்பு கரைந்து செம்பு படிவது, முலாம் அல்ல. பித்தளைச் சாவியோ பித்தளைத் துண்டோ கொடுங்கள்.

10 சதுர செ.மீ. பரப்புள்ள துண்டுக்கு 0.2 ஆம்பியர் போதும். கால் மணி நேரத்தில் 180 கூலாம், ஃபாரடே கணக்குப்படி 59 மில்லிகிராம் செம்பு, தடிமன் ஆறரை மைக்ரான். மில்லிகிராம் தராசு இருந்தால் முன்னும் பின்னும் எடை போட விடுங்கள். கணக்கும் தராசும் ஒத்துவருவதைப் பார்க்கும் பிளஸ் ஒன் மாணவனின் முகத்தைப் பார்க்கத்தான் இத்தனை பாடும். கறுத்துப் பொடியாகப் படிந்தால் மின்னோட்டம் அதிகம் என்று பொருள், குறையுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், கேனில் எடுத்துவைத்தால் அடுத்த வருடத்துக்கும் ஆகும்.

ஆத்தங்குடிக் கல்

சிவில் துறை மேசைக்கு நம்ம ஊரில் வெளியே தேட வேணாம். ஆத்தங்குடிக் கல்லை (கையால் வார்க்கிற வர்ணத் தரைக்கல்) நாலு அங்குலச் சதுரத்தில் பிள்ளைகளையே வார்க்க விடுங்க.

கண்ணாடித் துண்டை ஸ்பிரிட் விட்டுத் துடைச்சுக் காயவச்சு, அதுமேல தகரச் சட்டம், சட்டத்துக்குள்ள பூ அச்சு. வர்ணக் கலவைக்கு வெள்ளை சிமெண்ட் ரெண்டு பங்கு, சலிச்ச நைஸ் மணல் ஒரு பங்கு, ஆக்சைடு (வர்ணப்பொடி) சிமெண்ட் எடையில் அஞ்சிலிருந்து பத்து சதவீதம். பத்துக்கு மேல போனா நிறம் ஏறாது, கல்லுதான் வலுக்குறையும். தண்ணி, தோசைமாவுப் பதம். அச்சின் ஒவ்வொரு அறையிலும் ரெண்டு மூணு மி.மீ. உயரத்துக்கு ஊத்தி, அச்சை நேரா மேலே தூக்கணும். கை சாய்ஞ்சா சிவப்பு பச்சைக்குள்ள ஓடிடும். உடனே காய்ஞ்ச சிமெண்ட் மணல் கலவையை மெல்லத் தூவணும். இது ஏன்னு பிள்ளைங்க கேப்பாங்க: மேல ஊத்தினதிலுள்ள தண்ணியை அது குடிச்சிடும், வர்ணம் நகராது. அப்புறம் ஒண்ணுக்கு மூணு சிமெண்ட் மணல் சாந்தை ஈரமா வச்சு அழுத்தி, கரணையால் சமப்படுத்திட்டா வேலை முடிஞ்சது.

கண்ணாடியில் எண்ணெய்ப்பசை இருந்தா அந்த இடம் மங்கும். காத்துக் குமிழி இருந்தா ஊசித்துளை விழும், அதனால ஊத்தினதும் சட்டத்தை ரெண்டு தட்டுத் தட்டணும். கல்லோட பளபளப்பு பாலிஷ் போட்டு வர்றதில்லை, கண்ணாடி முகத்தோட நகல் அது. இதைத்தான் பிள்ளைங்க நம்ப மாட்டாங்க. முந்தைய வாரம் வார்த்து ஊறப்போட்ட ஒரு கல்லை அவங்க கையில் கொடுத்து, கண்ணாடியைக் கழட்டச் சொல்லுங்க. கண்ணாடி விட்டு வரும்போது அந்த மேசையே கத்தும்.

அன்னைக்கே வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. முதுகில் ஆணியால் பேரும் பள்ளியும் கீறிக்கிட்டாத்தான் ஒரு வாரம் கழிச்சு யாரோடதுன்னு தெரியும். சிமெண்ட் காரம், கையில் வெட்டுக்காயம் இருக்கிற பிள்ளைக்குக் கையுறை.

சிவில் லேப்

கான்கிரீட் கியூப் உடைப்பதைப் பற்றிக் கொஞ்சம். 150 மி.மீ. கட்டி, எம் 20 (சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் தாங்க வேண்டிய கான்கிரீட்), 28 நாள் ஊறியது. அந்த 20 நியூட்டனை முகத்தின் பரப்பு 22,500 சதுர மி.மீ. ஆல் பெருக்கினால் 450 கிலோநியூட்டன், ஏறக்குறைய 46 டன். ஐ.எஸ். 516 (கான்கிரீட் சோதனைக்கான இந்தியத் தரநிலை) சொல்கிற நிமிடத்துக்குச் சதுர செ.மீ.க்கு 140 கிலோ வேகத்தில் ஏற்றினால் ஒன்றரை நிமிடத்தில் அந்த அளவு வந்துவிடும். கூட்டத்தைப் பார்த்து அவசரமாக ஏற்றாதீர்கள், வேகம் கூடினால் காட்டும் வலுவும் கூடும்.

உடைக்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் எண்ணைப் பலகையில் எழுத வேண்டும். பெரும்பாலும் "ரெண்டு டன்" என்றுதான் எழுதுவார்கள். வார்ப்பில் மேலே இருந்த முகம் தட்டில் படக்கூடாது, பக்க முகங்களில்தான் சுமை ஏற வேண்டும். ஒரு பக்கமாக வைத்தால் மூலை மட்டும் பெயர்ந்து எண் குறையும். சரியாக உடைந்த கட்டியில் மேலும் கீழும் இரண்டு கூம்புகள் மிஞ்சும். தட்டோடு உரசுகிற முகங்கள் விரிய முடியாததால் வருவது அது. அந்தக் கூம்பைக் கையில் கொடுங்கள். இயந்திரத்தைச் சுற்றி வலைத் தடுப்பு இல்லையென்றால் இந்தக் காட்சியையே விட்டுவிடலாம்.

ஐஸ் குச்சிப் பாலம் வைப்பவர்களுக்கு ஒரு வரி: ஃபெவிகால் காய மணிக்கணக்கு ஆகும். குச்சியில் முன்பே துளையிட்டு 3 மி.மீ. போல்ட் கொடுங்கள். மேல் குச்சி வளைந்துதான் உடையும். நடுவில் ஒரு குறுக்குக் குச்சி கட்டி நீளத்தைப் பாதியாக்கினால் நாலு மடங்கு தாங்கும். அதை அங்கேயே மணல் வாளி தொங்கவிட்டு நிரூபிக்கலாம்.

கோட்டையூர் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. பள்ளிப் பக்கத்திலிருந்து சில: ஒரு மேசைக்கு 15 பிள்ளைகள்தான். இருபதைத் தாண்டினால் பின்வரிசைக்கு முதுகுதான் தெரியும். மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப் சுற்றில் லேத் (கடைசல் இயந்திரம்) ஓடும்போது துப்பட்டாவைக் குறுக்கே ஊக்குக் குத்தி, சடையை மடித்துக் கட்டி, வளையல், கயிறு கழற்றிய பிறகுதான் உள்ளே. லேத் பக்கத்தில் கையுறை கூடாது, சுழலும் சக் (வேலைத்துண்டைப் பிடிக்கும் பகுதி) அதைக் கையோடு இழுத்துவிடும். செருப்போடு வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பாமல் இருக்க, முதல் நாளே பள்ளிக்கு ஷூ என்று எழுதி அனுப்புங்கள்.

ஒரு கேள்வி: எனாமல் கம்பி காரைக்குடியில் எங்கே சில்லறையாகக் கிடைக்கும்?

எலெக்ட்ரிக்கல் மேசை

மோட்டார் வைண்டிங் கடையில் கேளுங்க டீச்சர், எடை போட்டுக் கொடுப்பாங்க. 24 கேஜ் கால் கிலோ வாங்கினா நூறு மீட்டருக்கு மேலேயே வரும், ரெண்டு வகுப்புக்குக் காணும். பழைய சுருளில் பிரிச்ச கம்பி வேணாம்னு சொல்லிடுங்க. வளைஞ்சு நெளிஞ்சிருக்கும், முனை நேரா நிக்காது.