அடைக்கோழியின் காலைக் கடிக்கும் பெருச்சாளி: விஷம் வைக்காமல் தடுக்க வழி உண்டா?

கேள்வி: கன்னங்குறிச்சி சிறுவிடை

அனைவருக்கும் வணக்கம். சேலம் கன்னங்குறிச்சியில், மூக்கனேரிக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டுப் புழக்கடையில் ஏழு சிறுவிடைக் கோழிகளும் ஒரு சேவலும் வளர்த்து வருகிறேன். கூண்டு சுற்றுச்சுவரை ஒட்டி இருக்கிறது. தரை மண்தரை, பக்கங்களில் அறுகோணக் கண் கொண்ட சாதாரணக் கோழிவலை, மேலே தகரம்.

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து கூண்டின் பின்மூலையில் புதுமண் குவிந்துகொண்டே இருக்கிறது. முதலில் முட்டைகள் குறைந்தன. மழைக்காலம் என்பதால் கோழிகள் முட்டையிடுவதைக் குறைத்துவிட்டன என்று எண்ணி நான் இரண்டு வாரங்களை வீணாக்கிவிட்டேன். பிறகு ஒருநாள் மண்குவியலுக்குப் பக்கத்தில், பல் பதிந்த முட்டையோட்டுத் துண்டுகளைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது.

இப்போது என் கவலை அடைக்கோழியைப் பற்றியது. பதினோரு முட்டைகளின் மேல் அது அமர்ந்து இன்றோடு 12 நாட்கள் ஆகின்றன. நேற்று விடியற்காலையில் பார்த்தபோது அதன் இடது காலின் பின்விரல் சதை தெரியும் அளவுக்குக் கடிக்கப்பட்டிருந்தது. இரத்தம் வைக்கோலில் வடிந்து காய்ந்து விரலோடு ஒட்டியிருந்தது. அப்படியிருந்தும் அது இடத்தை விட்டு எழவில்லை. முட்டைகள் வெளியே தெரியாதபடி இறகை விரித்துக்கொண்டு என்னைப் பார்த்து மெல்ல உறுமியது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

சோற்றில் எலிமருந்தைக் கலந்து வளையருகே வைக்கும்படி பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். எனக்கு மூன்று வயதில் மகள் இருக்கிறாள். அவள் நாளெல்லாம் கோழிகளுடன்தான் விளையாடுகிறாள். ஆகவே விஷம் வைக்க அச்சமாக இருக்கிறது. குஞ்சு பொரிக்க இன்னும் ஒன்பது நாட்களே உள்ள நிலையில் இந்தக் கோழியை எவ்வாறு காப்பது, பெருச்சாளியை எவ்வாறு தொலைப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில்: நாகலூர்க் காப்பித் தோட்டம்

வணக்கம் அம்மா. இன்றிரவே செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. மற்றவற்றை நாளை பார்த்துக்கொள்ளலாம். அடைக்கோழியை அந்தக் கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பகலில் இடம் மாற்றினால் கோழி மிரண்டு அடையைக் கைவிட்டுவிடக்கூடும். நன்றாக இருட்டிய பிறகு, மங்கிய வெளிச்சத்தில், முட்டைகளை முதலில் புது இடத்தில் வைத்து, பிறகு கோழியை இரு கைகளாலும் அணைத்துத் தூக்கி அவற்றின் மேல் மெல்ல உட்காரவையுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் விடியும்வரை அசையாமல் இருக்கும். விடிந்து பார்க்கும்போது வயிற்றுக்கடியில் அதே முட்டைகள் இருப்பதால் அங்கேயே தங்கிவிடும்.

சிமெண்டுத் தரை உள்ள எந்த இடமும் இதற்குப் போதும். கோழியை மூடிவைக்கும் மூங்கில் கூடையான கொடாப்பை மட்டும் நம்பிக் கவிழ்த்துவிடாதீர்கள். மூங்கில் பிளாச்சுகளுக்கு இடையே இளம் எலி புகுந்துவிடும், பெருச்சாளி பிளாச்சையே கடித்துவிடும். கொடாப்பின் மேல் அரை அங்குலக் கம்பிவலையைச் சுற்றி, உச்சியில் கனமான கல் ஒன்றை வையுங்கள். நாளுக்கு ஒருமுறை திறந்துவிட்டு, கோழி இரையெடுத்து, தண்ணீர் குடித்து, எச்சமிட்டுத் திரும்புவதற்குக் கால் மணி முதல் இருபது நிமிடம் வரை அவகாசம் கொடுங்கள்.

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் அது பெருச்சாளியாகத்தான் இருக்கவேண்டும். பாம்பு முட்டையை முழுதாக விழுங்கிவிடுவதால் ஓடு மிஞ்சாது. கூரையெலி பெரும்பாலும் உயரத்தில்தான் ஓடும். இப்படி மண்ணைத் தள்ளிக் குவிப்பது பெருச்சாளியின் வழக்கம். ஆனால் இரவில் கீச்சிட்டுக்கொண்டு சுவரோரமாக ஓடும் மூஞ்சூறைப் பார்த்துப் பெருச்சாளிக் குட்டி என்று அடித்துவிடவேண்டாம். அது பூச்சிகளைத் தின்று நமக்கு நன்மை செய்யும் உயிர்.

எந்த வளையில் பெருச்சாளி இருக்கிறது என்பதை அறிய, கண்ணில் படும் எல்லா வளைவாய்களையும் மாலையில் மண்ணால் மூடிவிடுங்கள். மறுநாள் காலையில் எது திறந்திருக்கிறதோ, எதன் முன்னால் ஈரம் காயாத புதுமண் இருக்கிறதோ, அதில்தான் ஆள் இருக்கிறது. பெருச்சாளி உள்ளே போன பிறகு வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும் பழக்கம் உடையது என்பதால், மூடியிருக்கும் வளையைக் காலி வளை என்று எண்ணி ஏமாறவேண்டாம், புதுமண்தான் சாட்சி.

அடுத்ததைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். பெருச்சாளியைக் கூண்டுக்கு அழைத்து வந்தது இரவில் தட்டில் மிஞ்சிய தீவனம். வந்த பிறகுதான் அது முட்டையைக் கண்டது. முட்டையைத் தேடிப் போனபோது கோழியின் காலைக் கண்டது. தீவனம் அங்கே இருக்கும்வரை, ஒன்றைப் பிடித்தால் ஏரிக்கரையிலிருந்து இன்னொன்று வரும். வளர்ந்த கோழிக்கு நாளொன்றுக்கு 100 கிராமுக்குச் சற்று மேற்பட்ட தீவனம் போதும், மேய்ந்து திரியும் சிறுவிடைக்கு அதிலும் குறைவாகவே போதும். பொழுது சாய்வதற்கு முன் கோழிகள் தின்று தீர்க்கும் அளவை மட்டும் போட்டு, தட்டை எடுத்துக் கழுவி வீட்டுக்குள் வையுங்கள். சிந்திய கம்பையும் குருணையையும் கூட்டி அள்ளிவிடுங்கள். மூட்டையைச் சாக்கோடு வைக்காமல் மூடியுள்ள தகர டிரம்மில் கொட்டிவைப்பது நல்லது. முட்டைகளை மாலைக்குள் எடுத்துவிடுங்கள்.

கூண்டைப் பொறுத்தவரை, அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தத்தான் உதவும்; எலியை வெளியே நிறுத்த உதவாது. செவ்வாய்ப்பேட்டை இரும்புக் கடைகளில் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் என்று கேட்டு வாங்குங்கள். முக்கால் அங்குலம் போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் ஏற்கவேண்டாம். இளம் எலிக்கு அந்த இடைவெளி தாராளம். கூண்டைச் சுற்றி ஓர் அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, வலையை நேராக இறக்கி, அடியில் வெளிப்புறமாக இன்னும் ஓர் அடி மடக்கிப் பரப்பி மண்ணால் மூடுங்கள். வலையை ஒட்டித் தோண்டிக்கொண்டு இறங்கும் பெருச்சாளி அந்த மடிப்பில் முட்டிக்கொள்ளும். பின்வாங்கி ஓர் அடி தள்ளிப் போய்த் தோண்டவேண்டும் என்பது அதற்குத் தோன்றுவதில்லை.

ஏற்காடு மலையில் இருக்கும் எங்களுக்கு வேறு விதமான தொல்லை. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தின் கிளை ஒன்று என் கூண்டின் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கூரையெலிகள் அதையே பாதையாக்கி இறங்கின. கிளையை வெட்டி, கூண்டை மூன்றடி உயரக் கால்களின் மேல் ஏற்றி, ஒவ்வொரு காலிலும் புனலைக் கவிழ்த்ததுபோல் தகரத்தை வளைத்து ஆணியடித்த பிறகுதான் அவை நின்றன. இரண்டடிக்கு மேல் எலி சாதாரணமாகவே எழும்பிவிடும் என்பதால் மூன்றடிக்குக் குறைக்கவேண்டாம். உங்களுக்கு வசதிப்பட்டால் மண்தரைக் கூண்டை விட இதுவே மேல் என்பது என் கருத்து.

பதில்: வாழப்பாடி, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

மேலே சொல்லப்பட்டவை அனைத்தையும் நான் ஏற்கிறேன். காயத்தையும் விஷத்தையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

காயத்தைக் கொதிக்கவைத்து ஆறிய உப்புநீரால் கழுவி, ஒட்டியிருக்கும் வைக்கோலை நனைத்தே எடுத்து, போவிடோன் அயோடின் தடவுங்கள். பிறகு சுற்றிலும் சிறிதளவு வேப்பெண்ணெய் தடவினால் ஈ மொய்க்காது. சிவப்பாகத் தெரியும் காயத்தை மற்றக் கோழிகள் விடாமல் கொத்தும். அதனால் அடை முடிந்த பிறகும் காயம் ஆறும்வரை இந்தக் கோழி தனியே இருக்கட்டும். விரல் வீங்கினாலோ கறுத்தாலோ கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.

உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது, சகோதரி. துத்தநாக பாஸ்பைடு எனப்படும் கருஞ்சாம்பல் நிறத் தூளைத்தான் பலர் தானியத்தில் பிசைந்து வைக்கிறார்கள். அது வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சுவாயு வெளிப்படும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. பெருச்சாளி தன் வாயிலிருந்து சிந்தும் நாலு மணிகளை விடிந்ததும் முதலில் கண்டுபிடிப்பது கோழிதான். பல ஆண்டுகளுக்கு முன்பு, என் சொந்த வீட்டிலேயே, சுவருக்கு அப்பால் வைத்த மருந்தை எலி இழுத்து வந்து போட்டதால் ஒரே காலையில் நான்கு கோழிகளைப் பறிகொடுத்தேன். மற்றவர்களுக்கு எச்சரிக்கை சொல்லும் வேலையில் இருந்த நானே அந்தத் தவறைச் செய்தேன் என்பது இன்றும் வருத்துகிறது. மஞ்சள் பாஸ்பரஸ் பசை மனிதரின் கல்லீரலையே அழித்துவிடும். குழந்தை இருக்கும் வீட்டில் அதன் பெயரைக்கூடச் சொல்லவேண்டாம். தானிய மூட்டைகளுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வளைக்குள் போடும்படி யாரேனும் சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த வாயு மண் வழியாகவும் சுவர் விரிசல் வழியாகவும் படுக்கையறைக்குள் வரக்கூடியது.

ஒட்டும் அட்டையும் வேண்டாம். அதில் முதலில் ஒட்டிக்கொள்வது ஓணானும் கோழிக்குஞ்சும்தான்.

இன்னொன்று. எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். மழைக்காலத்தில் இந்த ஆபத்து அதிகம். கூண்டைச் சுத்தம் செய்யும்போது கையுறையும் காலணியும் அணியுங்கள். மகளைச் சில வாரங்களுக்கு அந்த மூலைக்கு விடாதீர்கள். கோழிகளின் தண்ணீரை ஒவ்வொரு காலையும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

பதில்: ஓமலூர் நாட்டுக்கோழி

பெரியவர் கருத்தில் இருந்து சற்று வேறுபடுகிறேன். புரோமடையலோன் என்ற எலிமருந்துக் கட்டிகளைப் பூட்டிய பெட்டிக்குள் கம்பியில் கோத்து வைத்தால், கோழியோ குழந்தையோ எடுக்க முடியாது. நான் அவ்வாறு வைத்துப் பலன் கண்டிருக்கிறேன். பொறியில் ஒன்று சிக்குவதற்குள் அவை பெருகிவிடுகின்றனவே? எலியின் சினைக்காலமும் 21 முதல் 23 நாட்கள்தான். உங்கள் கோழி ஒருமுறை குஞ்சு பொரிப்பதற்குள் எலியும் ஒரு ஈற்றை ஈன்றுவிடும்.

பதில்: வாழப்பாடி, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

பெருகும் வேகத்தைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மைதான், தம்பி. அந்த மருந்துக்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து இருப்பதும் உண்மை. ஆனால் அதைத் தின்ற எலி உடனே சாவதில்லை; சில நாட்கள் தள்ளாடித் திரிந்து, திறந்த வெளியில் விழுந்து சாகும். கோழி செத்த எலியைக் கொத்தும் என்பது உங்களுக்கும் தெரியும். ஏரிக்கரையில் இரவெல்லாம் எலி பிடிக்கும் கூகையும் அதையே தூக்கிச் செல்லும். கூகை கத்தினால் ஆகாது என்று நம்மவர்கள் விரட்டுகிறார்கள். எலிக்கு அதைவிட நல்ல காவல் நமக்குக் கிடைக்காது. தோட்டத்தில் மேயும் கோழிகள் உள்ள வீட்டில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில்: நாகலூர்க் காப்பித் தோட்டம்

பொறியைப் பற்றி எழுத விட்டுவிட்டேன். பெருச்சாளிக்கு மரப்பொறி தாங்காது, கடித்துக்கொண்டு வெளியேறிவிடும். பெரிய அளவு இரும்புக் கூண்டுப்பொறி வாங்குங்கள். புதிதாக ஒரு பொருள் வழியில் கிடந்தால் எலி சில நாட்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகுமே தவிர நெருங்காது. ஆகவே சுவரை ஒட்டி, வளைக்கும் கூண்டுக்கும் இடையே பொறியை வைத்து, கதவு விழாதபடி கட்டிவிட்டு, மூன்று இரவுகள் வெறுமனே இரை மட்டும் போடுங்கள். நெருப்பில் வாட்டிய தேங்காய்ச் சில்லும் நெத்திலிக் கருவாடும் என் அனுபவத்தில் தவறியதில்லை. இரை காணாமல் போகத் தொடங்கிய பிறகு கட்டை அவிழ்த்துவிடுங்கள். பகலில் பொறியை மூடிவிடுங்கள், கோழி தலையை நீட்டிவிடக்கூடாது. தட்டில் தீவனம் இருக்கும் வீட்டில் தேங்காய்ச் சில்லுக்கு மதிப்பில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பிடிபட்டதை ஏரிக்கரையில் கொண்டு விட்டால் திரும்பி வரும் அல்லது அடுத்தவர் வீட்டுக்குப் போகும். பழகியவர் ஒருவரைக் கொண்டு ஒரே அடியில் முடித்து, இரண்டடி ஆழத்தில் சுண்ணாம்பிட்டுப் புதைத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: கன்னங்குறிச்சி சிறுவிடை

பதினோரு நாட்கள் கழித்து எழுதுகிறேன். அன்றிரவே கோழியை மாடிப்படியின் அடியில், வலை சுற்றிய கொடாப்புக்குள் மாற்றிவிட்டேன். முதல் நாள் இரை எடுக்க இறங்கியபோது பழைய கூண்டை நோக்கியே நொண்டிக்கொண்டு ஓடியது. திருப்பிக் கொண்டுவந்து முட்டைகளைக் காட்டியதும் உட்கார்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து தானாகவே திரும்பியது.

தீவனத் தட்டை மாலையில் எடுக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் வரை பொறியிலிருந்த இரையை எதுவும் தொடவில்லை. நான்காம் இரவு கருவாடு காணவில்லை. ஆறாம் இரவு ஒரு பெரிய பெருச்சாளியும், அடுத்த இரவு அதைவிடச் சிறியது ஒன்றும் அகப்பட்டன. வளைகளைத் தோண்டிப் பார்த்தபோது உள்ளே ஒரு படி அளவுக்குக் கம்பும் குருணையும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன; அத்தனையும் நான் போட்ட தீவனம்தான். கூண்டின் இரண்டு பக்கங்களுக்கு வலை இறக்கிவிட்டோம், சுவரோரம் மட்டும் மீதம் இருக்கிறது. மண்ணால் மூடிய வளைவாய் நான்கு நாட்களாகத் திறக்கவில்லை.

பதினோரு முட்டைகளில் எட்டு பொரித்துள்ளன. தாய்க்கோழியின் பின்விரலில் நகம் போய்விட்டது, ஆனால் காயம் காய்ந்துவிட்டது. இன்று காலையில் அது நொண்டாமல் மண்ணைக் கிளறிக் குஞ்சுகளை இரைக்கு அழைத்தது. குஞ்சுகளுக்கு இறகு நன்றாக முளைக்கும்வரை இரவில் கொடாப்பிலேயே அடைக்கப்போகிறேன். சுவரோரம் அடித்தளக் கல் இருப்பதால் அங்கே ஓர் அடி தோண்ட முடியவில்லை; வலையைத் தரைமேலேயே பரப்பிச் சிமெண்டு பூசினால் போதுமா என்று நாகலூர்க்காரர் சொன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமையே அந்த வேலையையும் முடித்துவிடுவேன்.

பதில்: நாகலூர்க் காப்பித் தோட்டம்

போதும் அம்மா. வலை சுவரில் அரையடி உயரத்துக்கு ஏறி, தரையில் ஓர் அடி பரவியிருக்கட்டும். சுவரும் தரையும் சேரும் மூலையில் வலையைத் துண்டாக வெட்டாமல் மடக்கிப் பூசுங்கள். பூச்சு நன்றாக இறுகும்வரை பொறியை அந்தப் பக்கமே வைத்திருங்கள்.