குற்றவியல் படித்தவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்

வணக்கம். சமூகவியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறேன். இறுதியாண்டில் குற்றவியல்தான் சிறப்புப் பாடம். ஆய்வுக்கட்டுரையை எப்படிச் செய்வது என்பதில்தான் சிக்கல்.

எல்லோரையும் போல பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைமிலிருந்து தொடங்கினேன். குற்றமே இல்லாத சமூகம் கிடையாது என்று 1895-லேயே அவர் எழுதியது என்னை உலுக்கிவிட்டது. அடுத்து அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனின் 1938 கட்டுரை. பணம்தான் வெற்றி என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதற்கான வழியைச் சிலருக்கு மட்டும் திறந்துவைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி. ஆனால் மனசு ஒட்டிக்கொண்டது இன்னொரு அமெரிக்கச் சமூகவியலாளரான ஹோவர்ட் பெக்கரிடம். 'குற்றவாளி' என்ற முத்திரை விழுந்த பிறகு ஒருவருடைய வாழ்க்கை எப்படித் திசை மாறுகிறது, அதைத்தான் ஆராய ஆசை.

தண்டனை முடிந்து வெளியே வந்தவர்களை நேரில் பேட்டி எடுக்கலாமா? ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு இளங்கலை மாணவருக்கு அனுமதி தருமா? ஆறிய காயத்தைக் கிளறிவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. போலீஸ் புள்ளிவிவரத்தை மட்டும் நம்பவும் மனமில்லை. புகாராகவே வராத குற்றங்கள் அதில் இருக்காதே. செய்தித்தாள்களை வைத்தே செய்யலாம் என்கிறார் ஒரு சீனியர்.

இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இரண்டு வரி எழுதினாலும் போதும்.