எட்டாயிரம் எழுதிய காசோலையில் எண்பதாயிரம் போய்விட்டது. என்ன செய்யலாம்?

சுன்னாகம் இரும்புக்கடை:

அப்பா இருந்த காலத்திலிருந்து எங்கள் கடைக்கு ஒரே நடைமுறைக் கணக்குத்தான். அவர் காசோலை எழுதிய விதத்தைப் பார்த்துப் பழகியே நானும் எழுதுகிறேன். சென்ற மாதம் சல்லி ஏற்றிவந்த லொறிக் கூலிக்கு எட்டாயிரம் ரூபாவுக்கு ஒரு காசோலை எழுதி, கடையில் வேலை செய்யும் பையனிடம் கொடுத்தனுப்பினேன். கடை நிறைய ஆட்கள். பெறுநர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'காசு' என்று எழுதினேன். இலக்கத்தில் 8000 என்று எழுதி, பின்னால் கோடு இழுக்கவில்லை. எழுத்தில் ஆங்கிலத்தில் 'எயிட் தவுசண்ட்' என்று அகலமாக எழுதினேன்.

மாத முடிவில் கணக்குக் கூற்றைப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது. 80,000 ரூபா கழிக்கப்பட்டிருந்தது. இலக்கத்தின் பின்னால் ஒரு பூச்சியம், 'எயிட்'டின் பின்னால் ஒரு 'வை' எழுத்து. வேறெதையும் தொடவேயில்லை. வங்கி முகாமையாளர், திருத்தம் செய்த அடையாளம் எதுவும் காசோலையில் தெரியவில்லை, தங்கள் மீது பிழையில்லை என்கிறார்.

பையனை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். எட்டு மாதம் என்னுடன் இருந்தவன். நாளை பொலிசுக்குப் போவதாக இருக்கிறேன். பணம் திரும்பக் கிடைக்க வழி உண்டா? இனிமேல் காசோலையே எழுதாமல் விடுவதுதான் நல்லதா?

ஓய்வுபெற்ற காசாளர், நல்லூர்:

தங்கச்சி, முப்பத்தொரு வருடம் வங்கியில் இருந்தவன் சொல்கிறேன். முதலில் அந்தப் பையனின் பெயரை முறைப்பாட்டில் எழுதாதீர்கள். காசோலையின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கருமபீடத்தில் காசு வாங்குபவரிடம் பின்பக்கத்தில் கையெழுத்தும் அடையாள அட்டை இலக்கமும் வாங்கிக்கொள்வதுதான் நாங்கள் செய்துவந்த முறை. உங்களுடைய காசோலை அதே கிளையில் காசாக்கப்பட்டிருந்தால் மூலத்தாள் அங்கேயே இருக்கும். வேறு வங்கியில் வைப்பிலிட்டிருந்தால் கதை வேறு. 2006 மே மாதத்திலிருந்து இலங்கையில் காசோலைத் தாள் வங்கிக்கு வங்கி பயணம் செய்வதில்லை, அதன் படம் மட்டுமே போகிறது. படத்தில் மையின் நிற வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. ஆகவே மூலத்தாளையே காட்டும்படி எழுத்தில் கேளுங்கள். கண்காணிப்புக் கமராப் பதிவையும் அழியாமல் எடுத்துவைக்கும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது.

பணம் கிடைக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். காசோலைகளுக்கும் பொருந்தும் எங்கள் மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம் 1927 ஆம் ஆண்டினது. இங்கிலாந்தின் 1882 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியது. அதனால் அங்குள்ள தீர்ப்புகளை இங்கும் எடுத்துப் பேசுவார்கள். 1918 இல், அப்போது அங்கே மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கை வங்கியில் சேர்ந்த புதிதில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். ஒரு நிறுவனத்தின் எழுதுவினைஞர் இரண்டு பவுண் காசோலையை நீட்டுகிறார். எழுத்தில் தொகை இல்லை, இலக்கத்துக்கு இரு பக்கமும் வெற்றிடம். பங்காளர் வெளியே கிளம்பும் அவசரத்தில் கையெழுத்திடுகிறார். அது 120 பவுணாகிவிட்டது. நட்டம் நிறுவனத்துக்கே என்று தீர்ப்பு. காசோலை எழுதுபவர், மற்றவர் மாற்றுவதற்கு இடம் வைக்காமல் எழுதவேண்டிய கடமை உள்ளவர் என்பதே காரணம். உங்களுடையதில் எழுத்திலும் தொகை இருந்தது, அது உங்களுக்குச் சாதகம். 'வை' எழுத்து வேறு மையில் இருந்தால், அல்லது நெருக்கிச் செருகப்பட்டிருந்தால், அதைக் காசாளர் கவனித்திருக்கவேண்டும் என்று நீங்கள் வாதிடலாம். வங்கி மறுத்தால், வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திடமும் போகலாம். திணைக்களத்தின் தொலைபேசி 1935.

காசோலையை விட்டுவிடவேண்டாம், எழுதும் முறையை மாற்றுங்கள். என் அனுபவத்தில் தமிழில் எழுதுவது பாதுகாப்பானது. ஆங்கிலத்தில் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது எல்லாமே வால் ஒட்டினால் பத்து மடங்காகிவிடும். தமிழில் எட்டாயிரம் எண்பதாயிரமாகவேண்டுமென்றால் சொல்லின் நடுவே உடைக்கவேண்டும். ஏழு எழுபதாகும்போதும் ஆறு அறுபதாகும்போதும் முதல் எழுத்தே குறுகிவிடுகிறது. பேனாவால் செருகித் தப்பமுடியாது. ஆனால் முன்னால் இடம் விட்டால் 'ஒரு இலட்சத்து' என்று சேர்த்துவிடலாம். எனவே கோட்டின் இடது விளிம்பில் ஒட்டித் தொடங்குங்கள், 'மட்டும்' என்று முடித்து மீதி வெற்றிடத்தில் கோடு இழுங்கள்.

இடது மூலையில் இரண்டு சமாந்தரக் கோடுகள், நடுவே 'பெறுநர் கணக்குக்கு மட்டும்'. 'கொண்டுவருபவருக்கு' என்று அச்சிட்டிருப்பதைப் பேனாவால் வெட்டிவிடுங்கள். இந்த இரண்டு கோடுகளை இட்டிருந்தால் கருமபீடத்தில் எவரும் உங்கள் பணத்தை வாங்கியிருக்கமுடியாது. சாதாரணக் குமிழ்முனைப் பேனா மை நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் கரையும், நிறமிகள் கலந்த ஜெல் மை அவ்வளவு எளிதில் கரையாது.

திருநெல்வேலி வெங்காய வியாபாரி:

ஐயா சொன்னது நாங்கள் எழுதும் காசோலைக்கு. எங்களுக்கு வரும் காசோலையிலும் ஏமாந்திருக்கிறேன். வெள்ளி பின்னேரம் ஒருவர் காசோலையை என் கணக்கில் வைப்பிலிட்டு, பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பினார். கணக்கில் தொகையும் காட்டியது. அடுத்த திங்கள் பௌர்ணமி விடுமுறை. நான் மூன்று நாளும் நம்பிக்கொண்டிருந்தேன், வெங்காயம் சனிக்கிழமையே போய்விட்டது. செவ்வாய் காசோலை திரும்பிவந்தது, அதை எழுதியவரின் கணக்கு ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது. வைப்பிலிட்ட சீட்டு பணமல்ல. 'தீர்வாகிவிட்டதா' என்று வங்கியைக் கேட்டு, 'ஆம்' என்ற பிறகே இப்போது மூட்டை தூக்கவிடுகிறேன். தெரியாத ஆள் என்றால் நேரடிப் பணமாற்றம்தான்.

குறுஞ்செய்தி அறிவிப்பு போட்டிருக்கிறீர்களா அக்கா? எடுக்கப்பட்ட அன்றே தெரிந்திருக்கும்.

சுன்னாகம் இரும்புக்கடை:

அறிவிப்பு போட்டிருக்கவில்லை. இன்று போட்டுவிட்டேன்.

ஐயா, நீங்கள் சொன்னபடி கடிதம் கொடுத்து மூலத்தாளைப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தபோது 'வை' எழுத்தின் நீலம் சற்றுக் கறுத்திருக்கிறது. பின்பக்கத்தில் இருக்கும் கையெழுத்து பையனுடையதல்ல, அடையாள அட்டை இலக்கமும் அவனுடையதல்ல. அது லொறிக் கிளீனரின் பெயர். காசோலையைக் கிளீனரின் கையில் கொடுத்ததாகப் பையன் அன்று சொன்னான், நான் காதில் வாங்கவில்லை. கிளீனர் லொறிக்காரருக்கு எட்டாயிரத்தைக் காசாகக் கொடுத்திருக்கிறார். கூலி கிடைத்துவிட்டதால் லொறிக்காரரும் எதுவும் கேட்கவில்லை.

பொலிசில் முறைப்பாடு எழுதியாகிவிட்டது. தாளின் பிரதியுடன் முகாமையாளருக்கு இரண்டாவது கடிதமும் கொடுத்திருக்கிறேன். நாளை காலை கடை திறக்குமுன் பையனின் வீட்டுக்குப் போகிறேன். அவனுடைய தாயாருக்கு முன்னாலேயே அவனைத் திட்டியிருந்தேன்.