18 அங்குல பேண்ட்சா: மூன்று ஃபேஸ் மோட்டாரை என்ன செய்யலாம்?

வணக்கம். பெங்களூரு பீன்யாவில் ஒரு பழைய 18 அங்குல பேண்ட்சா (சக்கரங்களில் சுற்றும் வளையப் பிளேடால் மரம் அறுக்கும் இயந்திரம்) விலைக்கு வருகிறது. வார்ப்பிரும்புச் சக்கரங்கள், 3 ஹெச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டார். வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். பலா, சில்வர் ஓக் கட்டைகளை 10 அங்குல உயரம் வரை நிறுத்தி வைத்துப் பலகையாக அறுக்க வேண்டும்.

பேரிங்கில் சத்தமில்லை, ஆட்டமில்லை. ரப்பர் டயர் வெடித்திருக்கிறது, அதை மாற்றிக்கொள்ளலாம். சிக்கல் மோட்டாரில்தான். சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட்டில் ஓடும் சாதாரண வி.எஃப்.டி. (சிங்கிள் ஃபேஸை மூன்று ஃபேஸாக்கி மோட்டாருக்குத் தரும் கருவி) அதற்கு மேல் வோல்ட்டேஜ் தராது. 415 வோல்ட்டுக்கு ஸ்டார் முறையில் இணைத்த மோட்டார் வைண்டிங்கை, 230 வோல்ட்டுக்குப் பொருந்தும் டெல்டா இணைப்பாக மாற்றினால்தான் முழு வலு கிடைக்கும். டெர்மினல் பெட்டியிலோ மூன்று முனைதான் இருக்கிறது. ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள்ளேயே போட்டிருக்கிறார்கள். அதைப் பிரித்து ஆறு முனையையும் வெளியே எடுத்துத் தரும் கை சுத்தமான வைண்டர் எஸ்.ஜே.பி. ரோடு பக்கம் யாராவது உண்டா?

சிங்கிள் ஃபேஸ் மோட்டாரே மாட்டிவிடலாம் என்பவர்களுக்கு: கனமான சக்கரம் வேகம் பிடிக்க நேரமாகும், அதுவரை மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சி வகை எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) விழாமல் ஓட்டுகிறீர்களா, தொடக்கக் கரண்டை இன்னும் தாங்கும் டி வகை போட்டீர்களா? வயர் எத்தனை சதுர மி.மீ.?

பிளேடு, அங்குலத்துக்கு 3 பல், முக்கால் அங்குல அகலம் என்று நினைத்திருக்கிறேன். ஒரு அங்குலம் போடச் சொல்கிறார் விற்பவர். பழைய டென்ஷன் ஸ்பிரிங் அதை இழுத்துப் பிடிக்குமா என்பது சந்தேகமே. தொய்ந்தால் வெட்டு நடுவில் வயிறு தள்ளி, பலகை வீணாகும். ஸ்பிரிங் மாற்றியவர்கள் கம்பித் தடிமனும் நீளமும் சொன்னால் உதவியாக இருக்கும்.