காமா சோதனைக்குப் பிறகு எர்பியம் ஆம்ப்ளிஃபையர் வெளியீடு குறைகிறது: பம்ப் லேசர் போய்விட்டதா?

கேள்வி:
தாழ்புவிச் சுற்றுப்பாதைக்கான 1550 நானோமீட்டர் லேசர் டிரான்ஸ்மிட்டர். ஒளியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரில் 12 மீட்டர் அலுமினியம் கலந்த எர்பியம் ஃபைபர், அதற்கு ஆற்றல் ஊட்டும் 980 நானோமீட்டர் பம்ப் லேசர் டையோடு. கோபால்ட்-60 இன் காமா கதிர்வீச்சில் 30 கிலோராட் டோஸ் கொடுத்தோம், முழு நேரமும் பவர் ஆஃப். வெளியீடு 1.4 டெசிபெல் இறங்கிவிட்டது. பம்ப் கரண்ட் அதே 400 மில்லியாம்பியர், பம்ப் ஒளியைக் கண்காணிக்கும் மானிட்டர் ஃபோட்டோடையோடின் அளவும் மாறவில்லை. பம்ப் லேசர் டையோடை மாற்றிப் பார்க்கலாமா?

பதில் 1:
இப்போதைக்கு வேண்டாம். லேசர் சிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் படிகத்தில் அணுக்கள் இடம்பெயர்வதுதான். காமாவில் அது மிகக் குறைவு. என் சந்தேகம் ஃபைபர் மேல். அலுமினியம் கலந்த கண்ணாடி கதிர்வீச்சில் சீக்கிரம் கறுக்கும், அதாவது ஒளியை வீணாக உறிஞ்சத் தொடங்கும்.

மானிட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது சிப்பின் பின்பக்கம் இருக்கிறது. முன்னாலுள்ள லென்ஸிலும் பிக்டெயிலிலும் (லேசரிலிருந்து வெளியே வரும் ஃபைபர் துண்டு) ஏற்படும் இழப்பு அதற்குத் தெரியாது. ஃபைபர் இணைப்பைப் (ஸ்ப்ளைஸ்) பிரித்து, பம்பை 25 டிகிரியில் வைத்து, 0 முதல் 400 மில்லியாம்பியர் வரை பவர் மீட்டரில் அளவெடுங்கள். த்ரெஷோல்டு (லேசர் ஒளிரத் தொடங்கும் கரண்ட்) ஏறியிருந்தால் கெட்டது சிப். த்ரெஷோல்டு அப்படியே இருந்து சரிவு (கரண்ட் ஏற ஏற பவர் கூடும் வீதம்) மட்டும் குறைந்தால் லென்ஸ் அல்லது கப்ளிங் (ஒளி ஃபைபருக்குள் நுழையும் இணைப்பு). இரண்டும் மாறாவிட்டால், எர்பியம் ஃபைபரில் 1310 நானோமீட்டர் ஒளியை அனுப்புங்கள். எர்பியம் அதை உறிஞ்சாது, எனவே அதே ஸ்பூலின் சோதிக்காத துண்டோடு ஒப்பிட்டால் தெரியும் கூடுதல் இழப்பு கறுப்பேறியதால் வந்தது.

கேட்டவர்:
த்ரெஷோல்டு, சரிவு இரண்டும் பழையபடியே. 1310 இல் மீட்டருக்கு 0.1 டெசிபெல் கூடுதல் இழப்பு. பிக்டெயில்களையும் மாற்ற வேண்டுமா?

பதில் 1:
தேவையில்லை. ஜெர்மேனியம் கலந்த சாதாரண ஃபைபரில் இந்த டோஸுக்கு வரும் இழப்பைக் கிலோமீட்டர் கணக்கில்தான் பேச வேண்டும். ஒரு மீட்டருக்கு அது ஒன்றுமில்லை. எர்பியம் ஃபைபரில் 980 இல் இழப்பு 1310 ஐ விட அதிகம். பம்ப் ஒளி பாதி வழியிலேயே வீணாகிறது. சீரியம் சேர்த்த எர்பியம் ஃபைபருக்கு மாறுங்கள். ஹைட்ரஜன் ஏற்றியதும் நன்றாகத் தாங்கும், ஆனால் கார்பன் பூச்சு அவசியம்; இல்லாவிட்டால் வாயு கசிந்து போய்விடும்.

பவர் ஆஃபில் எடுத்தது மோசமான நிலைக்கான அளவு. பம்ப் ஒளி கறுப்பைக் கொஞ்சம் வெளுக்கச் செய்யும். விண்ணில் ஆம்ப்ளிஃபையர் விட்டுவிட்டுத்தான் இயங்கும் என்பதால் ஆன், ஆஃப் இரண்டிலும் சோதியுங்கள்.

பதில் 2:
காமாவில் தேறியதை வைத்துக் குறைக்கடத்திகளுக்குச் சான்று தராதீர்கள். அணுக்களை இடம்பெயர்ப்பது புரோட்டான்கள் என்பதால் புரோட்டான் சோதனை கட்டாயம் வேண்டும். அதில் முதலில் அடிவாங்குவது ரிசீவரின் இண்டியம் காலியம் ஆர்சனைடு ஃபோட்டோடையோடின் டார்க் கரண்ட் (ஒளி இல்லாதபோதும் பாயும் கரண்ட்). வெப்பநிலை நகர்ந்தாலும் அது மாறும், எனவே முன்னும் பின்னும் ஒரே டிகிரியில் அளவெடுங்கள். லேசரை நிலையான கரண்டில் ஓட்டுங்கள். ஆட்டோ பவர் கன்ட்ரோல் ஒளி குறையாதபடி கரண்டைத் தானே கூட்டிச் சேதத்தை மறைத்துவிடும். கரண்ட் பாய்ந்தாலே சேதத்தில் ஒரு பகுதி ஆறும், ஆகவே இடையில் கரண்டை ஏற்றி எடுக்கும் அளவீடு (ஸ்வீப்) சுருக்கமாக இருக்கட்டும்.

லேசருக்குக் கரண்ட் தரும் டிரைவர் போர்டில் ஆப்டோகப்ளர் (சிக்னலை எல்இடி ஒளி மூலம் கடத்தும் பாகம்) இருக்கிறதா? 1992 இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்/பொசைடன் செயற்கைக்கோளில் த்ரஸ்டர் (சிறு உந்துபொறி) நிலையைக் காட்டிய ஆப்டோகப்ளர்கள் புரோட்டானால்தான் செயலிழந்தன. சிலிக்கான் கலந்த காலியம் ஆர்சனைடு எல்இடி உள்ளதைத் தவிருங்கள். இரட்டை ஹெட்டிரோஜங்ஷன் (வெவ்வேறு குறைக்கடத்தி அடுக்குகளாலான) எல்இடி உள்ளது வெகுவாகத் தாங்கும்.